ஃபார்ட்லெக்: வேகமும் விளையாட்டும் சேர்ந்த ஒரு சுவீடியச் சொல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நெடுந்தொலைவு ஓட்டம் பழகுபவர்களுக்கும், சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பில் உடற்கல்வி படிப்பவர்களுக்கும் 'ஃபார்ட்லெக் பயிற்சி' தெரிந்த பெயர்தான். 'சுவீடிய மொழியில் வேக விளையாட்டு' என்ற ஒரு வரி விளக்கத்தோடு பாடநூல் நகர்ந்துவிடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பால்டிக் கடல் வணிகர்களும் கோத்திய மொழி விவிலியமும் காட்டுக்கோழிகளும் இருக்கிறார்கள். இந்தச் சொல்லைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்கிறேன்.

ஃபார்ட்லெக் என்றால் என்ன?

ஒரே ஓட்டத்துக்குள் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், நிற்காமல் ஓடும் பயிற்சி. காட்டுப் பாதையிலோ மேடுபள்ளமான நிலத்திலோ ஓடுவது இதன் பிறவிக் குணம். எங்கே விரைவது, எங்கே தளர்வது என்பதை ஓடுபவரின் உடலும் எதிரே வரும் நிலமும் சேர்ந்து முடிவு செய்யும். அந்த மரம்வரை விரைவு, இந்த மேடு முடியும்வரை முழு மூச்சு, பிறகு மெல்லோட்டம் என்று போகும்.

சொல்லை எப்படிப் பிரிப்பது?

ஃபார்ட் + லேக். 'ஃபார்ட்' என்றால் வேகம். 'லேக்' என்றால் விளையாட்டு. சுவீடிய மொழியில் 'லேக்' நெடில். ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தபோது குறுகி 'லெக்' ஆகிவிட்டது. காலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. முழுச் சொல்லைத் தமிழில் பழகிவிட்ட 'ஃபார்ட்லெக்' என்றும், உறுப்பைத் தனியே சொல்லும்போது 'லேக்' என்றும் எழுதுகிறேன்.

சுவீடியர்கள் எப்படி உச்சரிக்கிறார்கள்?

தமிழர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி. ஸ்டாக்ஹோம் பகுதிச் சுவீடியத்தில் 'ர்' ஒலிக்குப் பின் 'த்' வந்தால் இரண்டும் கலந்து, நாக்கை மேலே மடித்து ஒலிக்கும் ஒரே மெய்யாகிவிடும். அது ஏறக்குறைய நம்முடைய 'ட்'. எனவே அவர்கள் வாயில் இந்தச் சொல் 'ஃபாட்லேக்' என்று கேட்கும். ரகரம் தனியாக ஒலிக்காது. இதே விதியால் 'ர்' + 'ன்' சேர்ந்து 'ண்' ஆகும்: குழந்தையைக் குறிக்கும் சொல் 'பாண்' என்று ஒலிக்கும், எழுத்தில் ரகரம் இருந்தாலும். 'ர்' + 'ல்' சேர்ந்து 'ள்' ஆகும். ஐரோப்பிய மொழிகளில் அரிதான இந்த நாமடி ஒலிகளுக்கு ரோமன் எழுத்தில் தனி வடிவமே இல்லை. தமிழில் ட, ண, ள என்று எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. ஆங்கிலேயர் நாக்கைவிடத் தமிழ் நாக்குக்கு இந்தச் சொல் எளிது.

நாட்டின் தென்கோடியான ஸ்கோனே பகுதியில் ரகரத்தைத் தொண்டையில் ஒலிப்பார்கள். அங்கே இந்தக் கலப்பு நிகழ்வதில்லை.

'ஃபார்ட்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

சுவீடனுக்குள் கப்பலேறி வந்தது. இடைக்காலத்தில் லூபெக் நகரைத் தலைமையாகக் கொண்ட ஹன்சா வணிகக் கூட்டமைப்பு பால்டிக் கடல் வணிகத்தைக் கையில் வைத்திருந்தது. அந்த வணிகர்கள் பேசிய, வட ஜெர்மனிக்குரிய கீழ் ஜெர்மன் மொழி ஸ்டாக்ஹோமிலும் விஸ்பியிலும் தெருமொழியாகப் புழங்கியது. சன்னலுக்கும் வேலை செய்வதற்கும் பணம் செலுத்துவதற்கும் சுவீடியர்கள் இன்று சொல்லும் சொற்கள் அந்த வழியில் வந்தவை. 'ஃபார்ட்' என்பதும் அப்படியே.

முதலில் அதன் பொருள் வேகம் அன்று, பயணம். 'போ, பயணம் செய்' என்ற பொருளுள்ள 'ஃபாரா' என்ற பழைய ஜெர்மானிய வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் அது. பயணம் என்பது நகர்வாகி, நகர்வு என்பது எவ்வளவு விரைவாக நகர்கிறோம் என்பதாகி, இறுதியில் வேகம் என்ற பொருளில் நிலைத்தது. பழைய பொருள் இன்னும் கூட்டுச்சொற்களில் உயிரோடு இருக்கிறது. கடல் போக்குவரத்து 'ஷோஃபார்ட்'. வான் போக்குவரத்து 'லுஃப்ட்ஃபார்ட்'. கப்பலுக்குப் பெயரே 'ஃபார்டிக்', அதாவது பயணத்துக்கான கருவி. சாலையில் உள்ளே நுழையும் வழி 'இன்ஃபார்ட்', வெளியேறும் வழி 'ஊட்ஃபார்ட்'.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதே வேரிலிருந்து வந்த சொந்தச் சொல் ஒன்று சுவீடிய மொழியில் முன்பே இருந்தது: 'ஃபேர்ட்'. அதற்கு இன்றும் பயணம் என்றுதான் பொருள். வந்த சொல்லும் இருந்த சொல்லும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. பயணத்தைச் சொந்தச் சொல் வைத்துக்கொண்டது, வேகத்தை வந்த சொல் எடுத்துக்கொண்டது.

வேறு மொழிகளில் இதற்கு உறவினர் உண்டா?

நிறைய. ஜெர்மனில் பயணத்தைக் குறிக்கும் 'ஃபார்ட்' உடன்பிறப்பு. ஆங்கிலத்தில் பஸ் கட்டணத்தைக் குறிக்கும் 'ஃபேர்', விடைபெறும்போது சொல்லும் 'ஃபேர்வெல்', ஆற்றைக் கடக்கும் படகான 'ஃபெரி' எல்லாம் அதே வேர். நார்வேயின் 'ஃபியோர்ட்' எனும் கடற்கால்வாயும் அந்தக் குடும்பம்தான்.

இன்னும் பின்னால் போனால், ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுத் தாயான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் 'கடந்து செல்' என்ற பொருளுள்ள வேர் ஒன்றை அடைகிறோம். சமஸ்கிருதத்தில் மறுகரையைக் குறிக்கும் 'பார' அந்த வேரின் கிளை. மறுகரை இல்லாதது, எல்லையற்றது என்ற பொருளில் 'அபார' என்ற சொல் அதிலிருந்து வந்தது. அதைத் தமிழும் எடுத்துக்கொண்டது. 'அபாரமான ஓட்டம்' என்று வர்ணனையாளர் சொல்லும்போது, ஃபார்ட்லெக்கின் முதற்பாதிக்குத் தூரத்து உறவான ஒரு சொல்லைத்தான் சொல்கிறார்.

பிரெஞ்சுக்காரர்கள் பனிச்சறுக்குப் பலகையின் அடியில் தடவும் மெழுகுக்கு 'ஃபார்' என்ற ஓசையில் தொடங்கும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். நார்வேயிலிருந்து பனிச்சறுக்கோடு சேர்ந்து அங்கே போனது.

ஆங்கிலத்தில் வயிற்றுக் காற்றைக் குறிக்கும் சொல்லும் இதுவும் ஒன்றா?

இல்லை. எழுத்து மட்டுமே ஒன்று. அந்த ஆங்கிலச் சொல் முற்றிலும் வேறான ஒரு பழைய வேரிலிருந்து வந்தது. அதற்குச் சமஸ்கிருதத்திலும் கிரேக்கத்திலும் இணைச்சொற்கள் உண்டு. சுவீடிய மொழியில் அதன் உடன்பிறப்பு 'ஃபியேர்ட்'. வேகத்தைக் குறிக்கும் 'ஃபார்ட்' என்பதிலிருந்து உயிரொலியிலேயே வேறுபட்டது. சுவீடனில் வேகத்தடைக்கு வைத்த பெயர்ப் பலகைகளில் இந்தச் சொல்லைப் பார்த்துச் சுற்றுலாப் பயணிகள் சிரிப்பார்கள். சுவீடியர்களுக்கு அது சாதாரணச் சொல்.

வேகத்துக்குச் சுவீடிய மொழியில் வேறு சொல் இல்லையா?

உண்டு: 'ஹாஸ்திக்ஹேட்'. இயற்பியல் வகுப்பில் இரண்டையும் பிரித்துக் கற்பிக்கிறார்கள். திசையைக் கணக்கில் கொள்ளாத அளவு 'ஃபார்ட்'. திசையும் சேர்ந்தது 'ஹாஸ்திக்ஹேட்'. தமிழ்ப் பாடநூல்களில் வேகம், திசைவேகம் என்று பிரிப்பதற்கு நேர் இணை. அன்றாடப் பேச்சில் 'ஃபார்ட்' என்பதில் ஒரு துள்ளல் இருக்கிறது; எண்ணைவிட உணர்வைச் சொல்லும் சொல் அது. நெடுஞ்சாலையில் வெகுநேரம் விரைந்தபின் தன் வேகம் தனக்கே தெரியாமல் போகும் நிலையை 'வேகக் குருடு' என்ற பொருளில் 'ஃபார்ட்பிளிண்ட்' என்கிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் முன்னால் ஓடி வேகத்தை நிலைநிறுத்தித் தருபவர் 'ஃபார்ட்ஹோலரெ', அதாவது வேகம் பிடிப்பவர்.

'லேக்' என்பதற்கு என்ன பொருள்?

இந்தச் சொல்லின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விளையாட்டுக்குச் சுவீடிய மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. விதி, கணக்கு, வெற்றி தோல்வி உள்ள ஆட்டம் 'ஸ்பேல்'. சீட்டாட்டம் ஸ்பேல், கால்பந்து ஸ்பேல். ஒலிம்பிக் போட்டிகளையும் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். விதியும் வெற்றியும் இல்லாமல், விளையாடுவதற்காகவே விளையாடுவது 'லேக்'. குழந்தைகள் மணலில் ஆடுவது லேக். பொம்மை 'லேக்சாக்', விளையாட்டுப் பொருள். குழந்தைகள் விளையாடும் திடல் 'லேக்பிளாட்ஸ்'.

ஓட்டப் பயிற்சி என்பது பந்தயத்துக்கான ஆயத்தம். பந்தயம் கடிகாரத்தாலும் தரவரிசையாலும் ஆளப்படுவது. அதற்கான பயிற்சிக்கு 'ஸ்பேல்' என்ற சொல்லைச் சேர்த்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். குழந்தைகளின் சொல்லைச் சேர்த்தார்கள். பயிற்சியின் முறை முழுவதும் அந்தத் தேர்வில் அடங்கியிருக்கிறது: வேகத்தைக் கையில் எடுத்து, குழந்தை பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோலப் பழகுவது.

சுவீடியப் பழமொழிகளிலும் இந்தச் சொல் புழங்குகிறது. 'ஒத்த பிள்ளைகளே ஒழுங்காக விளையாடும்' என்பது ஒன்று. இனம் இனத்தோடு சேரும் என்ற பொருளில் சொல்வார்கள். 'விளையாட்டுக்குள் இறங்கியவன் விளையாட்டைத் தாங்கத்தான் வேண்டும்' என்பது இன்னொன்று. பின்னது, செங்குத்தான மேட்டில் விரைந்து ஏறிய எவருக்கும் விளங்கும். லேக் என்றால் எளிது என்று பொருளில்லை.

'லேக்' என்பதன் மூலம் எது?

ஸ்காண்டிநேவிய மொழிகளின் மூதாதையான பழைய நோர்ஸ் மொழியில் 'லெய்க்ர்'. அதற்கும் முந்தைய ஜெர்மானிய மொழியில் துள்ளல், ஆடல் என்ற பொருள். இதற்குச் சான்று நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர், இன்று வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான கோத்தியத்தில் பெயர்த்த விவிலியத்தில் இருக்கிறது. லூக்கா நற்செய்தியில் எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளியது என்று வரும் இடத்தில் இதே வினைதான் நிற்கிறது. ஊதாரி மகன் திரும்பி வந்த வீட்டில் மூத்தவன் காதில் விழும் ஆடல் ஒலிக்கும் இதே வேரிலிருந்து வந்த பெயர்ச்சொல்தான். அந்த மொழிபெயர்ப்பின் புகழ்பெற்ற படி ஊதா நிறம் ஏற்றிய தோலில் வெள்ளி மையால் எழுதப்பட்டது. இன்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

ஆக, முதற்பாதியின் ஆதிப் பொருள் பயணம். பிற்பாதியின் ஆதிப் பொருள் துள்ளல். வேகம், விளையாட்டு என்ற இன்றைய பொருள்களைவிட அந்தப் பழைய இணை இந்தப் பயிற்சிக்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது. சொல்லை உருவாக்கியவர்கள் இதை எண்ணி உருவாக்கவில்லை, தற்செயல்தான். ஆனாலும் அழகான தற்செயல்.

'லேக்' என்பதன் உறவினர்கள் யார்?

நீங்கள் கையில் பிடித்தே இருப்பீர்கள். டேனிஷ் மொழியில் இதே சொல்லின் வடிவத்தோடு 'நன்றாக' என்ற சொல்லைச் சேர்த்து, 'நன்றாக விளையாடு' என்ற பொருளில், 1934இல் தன் பொம்மை நிறுவனத்துக்கு ஒரு தச்சர் வைத்த பெயர்தான் லெகோ.

விலங்கியலாளர்களும் இந்தச் சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். வசந்தகாலத்து விடியலில் சுவீடனின் சதுப்புவெளிகளில் கருங்காட்டுக்கோழிச் சேவல்கள் ஒன்றுகூடி, பெட்டைகளின் முன் இறகு விரித்து ஆடும். அதைச் சுவீடியர்கள் லேக் என்பார்கள். ஒரே இடத்தில் ஆண் விலங்குகள் கூடி இணை தேடி ஆடும் எந்தக் களத்துக்கும் உலகெங்கும் இன்று அதுவே கலைச்சொல். குஜராத்தின் வேளாவதர் புல்வெளியில் வெளிமான்கள் கூடும் களத்தையும் ஆய்வாளர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

இன்னொரு உறவு எனக்கு மிகவும் பிடித்தது. சுவீடிய மொழியில் அன்புக்கும் காதலுக்கும் 'ஷேர்லேக்' என்று பெயர். 'ஷேர்' என்றால் அன்புக்குரிய. பின்னால் இருப்பது நம் 'லேக்'. அங்கே அது பண்புப்பெயர் விகுதியாகத் தேய்ந்துவிட்டது. அளவுக்கும் தடிமனுக்கும் உள்ள சொற்களிலும் இதே விகுதி வருகிறது. ஆங்கிலத்தில் மணவாழ்வைக் குறிக்கும் 'வெட்லாக்' என்பதன் பின்பாதியும் இந்தச் சொல்லின் பழைய ஆங்கில வடிவம்தான். பூட்டைக் குறிக்கும் சொல் அன்று. சுவீடியத் திருமணச் சொல்லான 'ப்ரோலொப்' என்பதிலோ ஓட்டம் ஒளிந்திருக்கிறது: மணமகள் + ஓட்டம். 1922 முதல் நடக்கும் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியான வாசாலொப்பெத் பெயரில் வரும் 'லொப்' அதுவே.

இரண்டு சொற்களும் எந்த உறவில் சேர்ந்திருக்கின்றன?

நம் தொகையிலக்கணம் இங்கே நன்றாக உதவுகிறது. சுவீடியத்திலும் தமிழைப் போலவே தலைச்சொல் கடைசியில் வரும். ஆகவே இது ஒருவகை வேகம் அன்று, ஒருவகை விளையாட்டு. எந்த வகை என்பதுதான் கேள்வி.

'வேகமான விளையாட்டு' என்று விரித்தால் பண்புத்தொகை ஆகிவிடும், பொருள் தவறிவிடும். முழு நேரமும் விரைவாக ஓடுவது ஃபார்ட்லெக் ஆகாது. 'வேகத்தைக் கொண்டு ஆடும் விளையாட்டு' என்று விரிக்க வேண்டும். வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று நம் இலக்கணம் சொல்லும் வகை. மெதுவாக ஓடும் பகுதியும் இதில் விளையாட்டின் அங்கமாக இருப்பதற்கு இலக்கணக் காரணமே இதுதான்.

ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவது கட்டாயமா?

சுவீடியத்தில் கட்டாயம். கூட்டுச்சொல்லைப் பிரித்து எழுதுவது அங்கே பெரிய பிழை. ஆசிரியர்களும் இதழாளர்களும் அதற்கெதிராகத் தொடர்ந்து போராடுகிறார்கள். புகைக்குத் தடையுள்ள இடத்தைக் குறிக்கும் ஒரே சொல்லை நடுவில் பிரித்துவிட்டால் 'தாராளமாகப் புகைபிடி' என்று அறிவிப்பு மாறிவிடும் என்பது அவர்கள் அடிக்கடி காட்டும் எடுத்துக்காட்டு.

சேர்க்கும்போது சில சொற்களுக்கு நடுவே ஒரு 'ஸ்' தோன்றும். மரம், வேர் என்பவை 'மரத்துவேர்' ஆகும்போது இடையில் வரும் அத்துச் சாரியைபோல என்று வைத்துக்கொள்ளலாம். சுவீடிய ஃபார்ட்லெக்கில் அந்த இடையொலி இல்லை. எல்லை தாண்டி நார்வேக்குப் போனால் வந்துவிடுகிறது: அங்கே 'ஃபார்ட்ஸ்லேக்'.

இந்தப் பயிற்சியை உருவாக்கியவர் யார்?

யோஸ்டா ஹோல்மேர். பாடநூல்களில் 'கோஸ்டா' என்று இருக்கும். சுவீடியத்தில் சில உயிர்களுக்கு முன் ககரம் யகரமாக ஒலிப்பதால் யோஸ்டா என்பதே சரி. 1891இல் பிறந்தவர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பத்துவகைப் போட்டியில் நான்காவதாக வந்தார். வென்ற அமெரிக்கர் ஜிம் தோர்ப் முன்பு கூலி பெற்று பேஸ்பால் ஆடியவர் என்று 1913இல் தகுதி நீக்கம் செய்யப்பட்டபோது ஹோல்மேர் மூன்றாம் இடத்துக்கு உயர்ந்து வெண்கலம் பெற்றார்.

பின்னாளில் பயிற்சியாளரானார். 1920களில் நெடுந்தொலைவு ஓட்டத்தில் அண்டை நாடான ஃபின்லாந்து கோலோச்சியது. ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வென்ற பாவோ நூர்மி முன்னால் சுவீடியர்கள் தொடர்ந்து தோற்றார்கள். நூர்மி கையில் நிறுத்தற்கடிகாரத்தோடு ஓடியவர். ஒவ்வொரு சுற்றையும் அளந்து ஓடினார். 1930களில் ஹோல்மேர் சுவீடியர்களுக்காக உருவாக்கிய முறையில் கடிகாரத்துக்கு இடமில்லை. ஓடுதளத்தை விட்டுக் காட்டுக்குள் அனுப்பினார். பந்தய வேகத்தைவிட விரைவான ஓட்டத்தையும் நெடுநேரத் தாக்குப்பிடிப்பையும் ஒரே பயிற்சிக்குள் கலந்தார். பாடநூல்கள் 1937 என்று ஆண்டு குறிக்கின்றன.

ஹோல்மேரின் பயிற்சி எப்படி இருந்தது?

அவர் பெயரில் பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஒரு பயிற்சி இப்படிப் போகும். ஐந்து முதல் பத்து நிமிடம் மெல்லோட்டம். பிறகு ஒன்றரை முதல் இரண்டரை கிலோமீட்டர் சீரான கடும் ஓட்டம். ஐந்து நிமிடம் விறுவிறுப்பான நடை. மறுபடி மெல்லோட்டம், இடையிடையே 50, 60 மீட்டர் விரைவோட்டம், சற்றே களைப்பு தெரியும்வரை. அடுத்து, எதிராளி முந்த வருகிறார் என்று எண்ணிக்கொண்டு திடீரென மூன்று நான்கு விரைவு அடிகள். பின் 175 முதல் 200 மீட்டர் மேட்டில் முழு வேகம். உடனே ஒரு நிமிடம் விரைவோட்டம். நேரம் முடியும்வரை இதே சுழற்சி.

அந்த மூன்று நான்கு அடிகளைப் பாருங்கள். இல்லாத எதிராளியைக் கற்பனை செய்து ஓடுவது. குழந்தைகள் ஆடும் 'நான்தான் போலீஸ், நீதான் திருடன்' வகை அது. லேக் என்ற சொல்லை அங்கே நேராகவே காணலாம்.

பலன் கிடைத்ததா?

1940களின் முற்பாதி விடை சொல்கிறது. யெம்ட்லாந்துக் காட்டுப்பகுதியில் மரம்வெட்டியின் மகனாகப் பிறந்த குண்டர் ஹெக் 1942 கோடையில் மட்டும் பத்து உலக சாதனைகள் படைத்தார். அவற்றுள் ஒன்று 5,000 மீட்டரை 14 நிமிடத்துக்குள் முதன்முதலாக ஓடி முடித்தது: 13 நிமிடம் 58.2 விநாடி. அவரும் ஆர்னே ஆண்டர்சனும் மைல் ஓட்டச் சாதனையை மாறி மாறி முறியடித்தார்கள். 1945இல் மால்மோவில் ஹெக் ஓடிய 4 நிமிடம் 1.4 விநாடி, 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பானிஸ்டர் நான்கு நிமிடத்தைத் தகர்க்கும்வரை நிலைத்தது.

ஹெக் பயின்றது வோலோடாலன் என்ற மலைவாசத்தலத்தில், இன்னொரு யோஸ்டாவான யோஸ்டா ஓலாண்டரிடம். காடு, சதுப்பு, பனி என்று இயற்கையில் ஓடவிடும் முறை அவருடையதும். இருவர் பெயரும் ஒன்றாக இருப்பதால் குழப்பம் நேர்வதுண்டு. ஃபார்ட்லெக் என்றால் ஹோல்மேர்.

போர் நடந்த ஆண்டுகள் அவை, சுவீடன் நடுநிலை நாடு. பிற நாட்டு வீரர்கள் பலர் ஓடுதளத்தில் இல்லை என்பதும் உண்மை. அதனால் ஹெக்கின் நேரங்கள் சிறியவை ஆகிவிடாது. கடிகாரம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பிற மொழிகள் இதை எப்படிச் சொல்கின்றன?

ஆங்கிலமும் பிரெஞ்சும் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டன. ஜெர்மானியர்கள் 'ஃபார்ட்ஷ்பீல்' என்று பெயர்த்தார்கள். முதற்பாதிக்கு உடன்பிறப்புச் சொல்லைப் போட்டதால் 'பயண விளையாட்டு' என்ற சாயல் வந்துவிட்டது. 'ஷ்பீல்' என்பதில் லேக், ஸ்பேல் வேறுபாடும் கரைந்துவிட்டது. டேனிஷ் வடிவம் சுவீடியத்துக்கு மிக அருகில் நிற்கிறது.

ஃபின்னியர்கள் சொல்வது 'வௌத்திலெய்கித்தேலு'. 'வௌத்தி' என்றால் வேகம். பிற்பாதியில் உள்ள 'லெய்க்கி', அதாவது விளையாட்டு, பல நூற்றாண்டுகளுக்கு முன் ஸ்காண்டிநேவியாவிலிருந்து ஃபின்னியம் கடன் வாங்கிய சொல். நம் லேக் என்பதன் மூத்த வடிவமேதான். ஃபின்னியர்களை வெல்ல உருவான பயிற்சியை அவர்களும் ஏற்று, அதே வேர்ச்சொல்லால் பெயரிட்டிருக்கிறார்கள்.

இடைவெளிப் பயிற்சியும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. இடைவெளிப் பயிற்சியில் தொலைவு, நேரம், ஓய்வு மூன்றும் முன்பே தீர்மானிக்கப்பட்டவை. அதே 1930களில் ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர், இதயத்துடிப்பை அளந்து அதை ஓர் அறிவியலாக வளர்த்தார். அவருடைய மாணவர் ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார். இரண்டு முறைகளும் வெற்றி தந்தவை. ஒன்று ஆய்வகத்தில் வளர்ந்தது, மற்றொன்று காட்டில்.

இன்று ஃபார்ட்லெக் என்று நடப்பது எல்லாம் ஃபார்ட்லெக்தானா?

பெயரளவில் ஆம். ஆஸ்திரேலிய மாரத்தான் வீரர் ஸ்டீவ் மோனகெட்டியின் பெயர் தாங்கிய 'மோனா ஃபார்ட்லெக்' மிகச் சரியாக 20 நிமிடம்: 90 விநாடி இரண்டு முறை, 60, 30, 15 விநாடிகள் நான்கு நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் பின் அதே அளவு மெல்லோட்டம். கென்யாவின் இட்டெனில் பெருங்கூட்டமாக ஒரு நிமிடம் விரைவு, ஒரு நிமிடம் தளர்வு என்று ஓடுகிறார்கள். சிறந்த பயிற்சிகள் இவை, மறுப்பில்லை. ஆனால் கைக்கடிகாரம் ஒலி எழுப்பும்போது விரைந்து, ஒலி எழுப்பும்போது தளர்வது சுவீடியச் சொல்லின்படி லேக் ஆகாது; விதி வந்துவிட்டதால் ஸ்பேல் ஆகிறது. இட்டெனின் செம்மண் சாலைகள் மேடும் பள்ளமுமாக இருப்பதும், கூட்டத்தில் யார் முந்துவார் என்று தெரியாமல் ஓடுவதும் அங்கே விளையாட்டைக் கொஞ்சம் காப்பாற்றுகின்றன. தட்டையான ஓடுதளத்தில் விசில் ஊதி நடத்தப்படும் பயிற்சியை ஃபார்ட்லெக் என்று அழைக்கவே எனக்கு மனம் வருவதில்லை. முதற்பாதியை வைத்துக்கொண்டு பிற்பாதியைக் கைவிட்ட பயிற்சி அது.

சுவீடனில் இன்றும் இந்தச் சொல் வழக்கில் இருக்கிறதா?

இருக்கிறது. 'ஃபார்ட்லெக் ஓட்டுவோம்' என்று, வண்டி ஓட்டுவதற்குரிய வினையைச் சேர்த்துச் சொல்வார்கள். ஊர்தோறும் காட்டுக்குள் மின்விளக்கு பொருத்திய ஓட்டப் பாதைகள் உண்டு. குளிர்காலத்தில் பிற்பகலிலேயே இருட்டிவிடும் நாட்டில் அவை இன்றியமையாதவை. மின்சாரம், ஒளி, தடம் என்ற மூன்று சொற்களை ஒட்டிய கூட்டுச்சொல்தான் அவற்றுக்கும் பெயர். 'எல்லாருக்கும் உள்ள உரிமை' என்ற பொருளில் இன்னொரு கூட்டுச்சொல்லும் இங்கே நினைவுக்கு வருகிறது: 'ஆலெமான்ஸ்ரெட்டன்'. பிறர் நிலமாக இருந்தாலும், வீட்டு முற்றத்துக்கும் பயிருக்கும் கேடு செய்யாமல் காட்டில் யாரும் நடக்கலாம், ஓடலாம் என்ற உரிமை அது. வேலியில்லாத காடு இருந்ததால்தான் இப்படியொரு பயிற்சி அந்த மண்ணில் இயல்பாக முளைத்தது.

தமிழில் எப்படிச் சொல்லலாம்?

'வேக விளையாட்டு' என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள். வேகமான விளையாட்டு என்று மயங்க இடம் தருவது அதன் ஒரே குறை. மற்றபடி நல்ல பெயர். 'விளையாட்டுப் பிள்ளை', 'விளையாட்டாகச் சொன்னேன்' என்னும்போது நாம் குறிப்பது லேக் என்பதைத்தான். போட்டி, பந்தயம், ஆட்டம் என்ற சொற்கள் ஸ்பேல் பக்கம் நிற்கின்றன. ஒலிபெயர்ப்பாக எழுதுவதென்றால் 'ஃபார்ட்லெக்' போதும். எப்படி எழுதினாலும் 'ஃபார்ட் லெக்' என்று நடுவில் இடம் விட வேண்டாம்.